ஓவசியர் உயிரோடு இருக்கிறார்

எங்கள் ஊரில் யார் கண்ணை மூடி மவுத்தானாலும் குடும்பத்தாருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியவரும். நான் பள்ளிவாசலில் வேலை செய்பவளும் இல்லை, வைத்தியரும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டு விறாந்தையில் கணிதம் படிப்பிக்கிறவள். அதோடு, ஊருக்கென்று சமூக ஊடகத்தில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறேன்.

அதைத் தொடங்கியதற்குக் கடற்காற்றுதான் காரணம். நாங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். பள்ளிவாசல் இருப்பது பிரதான வீதியில். காற்று பலமாக வீசும் நாட்களில் யார் இறந்தது, எப்போது அடக்கம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் முழுவதும் வயல் பக்கம் போய்விடும். அப்படித்தான் என் கணவர் தன் சொந்த மாமாவின் ஜனாஸாவைத் தவறவிட்டார். அடக்கம் முடிந்து எல்லாரும் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருக்க, இவர் எதிரே சைக்கிளில் போய், "என்ன, எல்லாரும் ஒண்டா எங்க போயிட்டு வாறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாமி அதற்குப் பிறகு ஒரு வருடம் இவருடன் கதைக்கவில்லை.

அந்த வாரமே பக்கத்தைத் தொடங்கினேன். மவுத்து, மின்வெட்டு, தண்ணீர் வெட்டு, காணாமல் போன ஆடு, கண்டெடுத்த சாவிக்கொத்து. வேறு எதுவும் கிடையாது. கருப்புக் கரை போட்ட ஒரு சட்டத்தை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, எல்லா அறிவித்தலையும் அதற்குள்ளேயே எழுதினேன். ஆட்டுக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம் என்று செய்ய எனக்கு நேரமில்லை. இந்தச் சோம்பல்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்தை நடத்துவது யார் என்று நான் எங்கும் எழுதவில்லை. சந்தையில் அரிசிக் கடை வைத்திருக்கும் என் கணவர்தான் நடத்துகிறார் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. இவர் முதலில் மறுத்தார். பிறகு மறுக்காமல் சிரித்தார். ஒரு வருடம் போனதும், அண்ணன் என்ற மரியாதையில் "அட்மின் காக்கா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் கடைக்குப் போனார்கள். என் விறாந்தையில் அட்சர கணிதம் நிம்மதியாக நடந்தது.

அப்போதுதான் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது.

எங்கள் வட்டாரத்தில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். அதில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஹாட்வெயார் கடைக்காரர். மூன்று முறை மக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் ஹாஜியார். சுயேச்சைக் குழுவில் தேர்தல் கேட்டார், சின்னம் தேநீர் வைக்கும் கேத்தல். மற்றவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கதைப்பதை விட எழுதுவதில் கெட்டிக்காரர்.

ஹாஜியாருக்குக் கூட்டம் போடுவதில் நம்பிக்கை இல்லை. "இப்ப சனம் எல்லாம் ஃபோனுக்குள்ளதான் இரிக்கி, நாமளும் அதுக்குள்ள போகணும்" என்றார். ஒரு விளம்பரம் செய்வித்தார். அதில் அவர் முகம் பாதி, கேத்தல் பாதி. காசு கட்டி ஊரெல்லாம் காட்டச் சொல்லி அனுப்பினார். சமூக ஊடகத் தளம் அதைத் திருப்பி அனுப்பியது. தேர்தல் விளம்பரம் என்றால் அடையாள அட்டை வேண்டும், முகவரி வேண்டும், காசு கொடுப்பவர் யார் என்று விளம்பரத்திலேயே எழுத வேண்டும் என்றது. ஹாஜியார் அடையாள அட்டையை அனுப்பினார். அதில் இருப்பது தாடி இல்லாத, மெலிந்த, பயந்த முகமுள்ள இருபது வயது இளைஞன். தளம் அந்த இளைஞனையும் ஹாஜியாரையும் ஒரே ஆளாக ஏற்றுக்கொள்ள மறுத்தது.

அடுத்து, தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், "எங்கள் கடைக்கு வாருங்கள்" என்று எழுதி, தன் படத்தையும் கேத்தல் படத்தையும் போட்டு அனுப்பினார். அது எப்படியோ ஒரு பகல் முழுவதும் ஓடியது. அன்று அவர் கடைக்கு நிறையப் பெண்கள் கேத்தல் வாங்க வந்தார்கள். சீமெந்து, பெயின்ட், குழாய் தவிர அந்தக் கடையில் எதுவும் இல்லை. வெறுங்கையோடு திரும்பிய பெண்களில் ஒருத்தியாவது வாக்குச்சீட்டில் கேத்தலுக்குப் புள்ளடி போட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் அந்த விளம்பரமும் நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த நாள், வாக்களிப்பு முடியும்வரை தேர்தல், அரசியல் சம்பந்தப்பட்ட புதிய விளம்பரம் எதையும் ஏற்பதில்லை என்று தளம் எல்லாருக்கும் அறிவித்துவிட்டது.

ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் பிள்ளைகள் இருபடிச் சமன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நான் திரைச்சீலைக்கு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன்.

"தம்பி, ஒங்கட பக்கத்தில நம்மட படம் ஒண்டைப் போடுங்க. விளம்பரமில்ல, சும்மா ஒரு செய்தி" என்றார் என் கணவரிடம்.

இவர் திரைச்சீலையைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஏலா ஹாஜியார்," என்றார் இவர். "பக்கத்துக்கெண்டு ஒரு கொள்கை இரிக்கி."

"அதென்ன கொள்கை?"

இவர் மறுபடியும் திரைச்சீலையைப் பார்த்தார். "மவுத்து, கரண்ட், தண்ணி, ஆடு. அவ்வளவுதான்."

ஹாஜியார் தேநீரைக் குடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிவதைத் திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சந்தை வீதியில் ஒரு மூதாட்டி மவுத்தான செய்தியைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் அதன் கீழே முதல் அனுதாபம் வந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னாரின் மறுமை வாழ்வு சிறக்கப் பிரார்த்திக்கும் உங்கள் வேட்பாளர். சின்னம் கேத்தல்." கூடவே ஒரு படம். அதில் ஹாஜியார் சோகமாக இருந்தார். கேத்தல் சாதாரணமாக இருந்தது.

அன்று மாலைக்குள் அதிபர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பதினொரு வரியில் எழுதினார். மூதாட்டியின் பொறுமை, விருந்தோம்பல், ஊருக்கு அவர் விட்டுச் சென்ற வெற்றிடம் எல்லாம் அதில் இருந்தன. அவரை அதிபர் ஒரு முறையும் பார்த்ததில்லை என்று மூதாட்டியின் மகள் பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் அழுதுகொண்டே இரண்டு முறை வாசித்தாளாம்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அமைதியாக இறக்க முடியாமல் போயிற்று. காசு கட்டினாலும் விளம்பரம் ஓடாது. ஆனால் ஜனாஸா அறிவித்தலை ஊர் முழுவதும் பார்க்கும். அதன் கீழே யாருடைய அனுதாபம் முதலில் நிற்கிறது என்பதில் போட்டி. வேட்பாளர்கள் ஃபோனும் கையுமாக இருந்தார்கள். சின்னம் போட்ட அனுதாபங்களை நான் அழித்தேன். அவர்கள் சின்னத்தை எடுத்துவிட்டு, "உங்கள் வட்டாரத்தின் நாளைய குரல்" என்று போட்டார்கள். அதையும் அழித்தேன். மின்வெட்டு அறிவித்தலுக்குக் கீழேயும் அனுதாபம் தெரிவித்தார்கள்.

பிறகு ஒரு கிழமை முழுவதும், அல்லாஹ்வின் கிருபையால், ஊரில் யாருமே மவுத்தாகவில்லை. ஹாஜியார் தினமும் அரிசிக் கடைப் பக்கம் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இண்டைக்கும் ஒண்டும் இல்லையா?"

"இல்ல ஹாஜியார்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, முகம் வாடித் திரும்பிப் போவார்.

அந்த நிலையில்தான் ஓவசியரின் அட்டை கிடைத்தது.

ஓவசியர் என்றால் எங்கள் ஊரில் ஒருவர்தான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியவர். தன் முன்னால் யார் பிழையாகக் கதைத்தாலும் திருத்தாமல் விடமாட்டார். கல்முனை பஸ் நிலையத்தில் அவருடைய ஓய்வூதிய அட்டை விழுந்து கிடந்ததை ஒரு பெண் எடுத்து வந்து என்னிடம் தந்தாள். பிள்ளைகள் வரும் நேரம். அவசரமாக அட்டையிலிருந்த அவர் படத்தை எடுத்து, வழக்கமான கருப்புக் கரைக்குள் வைத்து, மேலே அவர் பெயரையும் முகவரியையும் எழுதி, கடைசி வரியில் "இவரது அட்டை கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று போட்டேன். பிறகு ஃபோனை அலுமாரியில் வைத்துவிட்டுத் திரிகோண கணிதம் எடுக்கப் போய்விட்டேன்.

ஒரு கிழமையாகப் பசித்திருந்த ஹாஜியார் கடைசி வரிக்குப் போகவேயில்லை. நான்காவது நிமிடத்தில் அனுதாபம் தெரிவித்துவிட்டார். ஆறாவது நிமிடத்தில் அதிபர். "வாய்க்கால் தோறும் நீரை ஓட வைத்தவர், இன்று நம் கண்களில் நீரை ஓட வைத்துவிட்டார்" என்று தொடங்கி, இந்த முறை பதினாறு வரி. இரண்டு பெரிய மனிதர்கள் சொன்ன பிறகு ஊருக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? வெளிநாட்டிலிருந்தும் அனுதாபம் வந்தது.

பிறகு நடந்ததை ஓவசியரே எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தாராம். வளவுக்குள் சனம் கதைக்கும் சத்தம் கேட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின் கதவால் சுற்றி வந்து பார்த்தால், கேட்டடியில் இருபது முப்பது பேர் தொப்பியோடு நிற்கிறார்கள். முன்னால் நின்றவன் வெளியூர்க்காரன், அவரைத் தெரியாது.

"ஆருக்கு மவுத்து?" என்று அவனிடம் கேட்டிருக்கிறார்.

"ஓவசியருக்கு."

"எந்த ஓவசியருக்கு?"

"இந்த வீட்டு ஓவசியருக்குத்தான். நல்ல மனிசனாம்."

"ஆர் சொன்ன?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. ஜனாஸாவை எப்ப எடுக்கிற எண்டு தெரியுமா காக்கா?"

"எடுக்க விடமாட்டன்," என்றிருக்கிறார் ஓவசியர்.

அதற்குள் பின்னால் நின்றவர்கள் அவரைக் கண்டுவிட்டார்கள். ஒருவர் சத்தமாகக் கலிமா சொன்னார். ஒருவர் ஓடியே போய்விட்டார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி கத்தியோடு வெளியே வந்து, "என்னத்துக்கு இத்தனை பேர், எலக்சன் கூட்டமா?" என்று கேட்டாராம்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓவசியர் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"அட்மின் ஆர்?" என்று கேட்டார் ஓவசியர்.

மூன்று வருடமாக அந்தப் பட்டத்தைச் சுமந்து திரிந்த மனிதர் ஒரு விநாடியும் யோசிக்கவில்லை. "நானில்ல. உள்ளுக்கு இரிக்கா," என்றார்.

நான் வெளியே வந்தேன். பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"நீங்களா மகள்?" என்றார் ஓவசியர்.

"ஓம். அட்டை மட்டும்தான் எண்டு கீழ எழுதியிருந்தன். ஆனா கருப்புக் கரை போட்டது என்ட பிழைதான். மன்னிச்சிக்கோங்க."

ஃபோனை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணருகே பிடித்து வாசித்தார். எழுத்துப்பிழை தேடுகிறார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

"நீங்க எழுதினது சரி," என்றார். "சனம் வாசிக்கிறதுதான் பிழை. அதிபர் எழுதினதில மட்டும் ஒரு விஷயம் பிழை. நான் வேலை செஞ்ச வாய்க்கால் எதிலயும் தண்ணி ஒழுங்கா ஓடின இல்ல."

அந்த நேரம் ஹாஜியார் வந்தார். செய்தி கேட்டு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஓவசியரைக் கண்டதும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓவசியர் காக்கா, நான் நல்லெண்ணத்திலதான்…"

"தெரியும். ஒன்பது வாக்கு இரிக்கி என்ட ஊட்டில. நல்லெண்ணம் வராதா பின்ன?"

ஹாஜியார் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடைசியில் ஓவசியரே வழி சொன்னார். அவர் மவுத்து என்று முதலில் சொன்னவர் ஹாஜியார். ஆகவே உயிரோடு இருக்கிறார் என்றும் ஹாஜியாரே சொல்ல வேண்டும். இருவரும் அருகருகே இருந்து படம் எடுத்து, என் செய்திப் பக்கத்தில் போட வேண்டும்.

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. நான் உடனே நிபந்தனை போட்டேன்.

"வேட்பாளர் எண்டு எழுதமாட்டன். சின்னம் போடமாட்டன்."

"வேணாம் மகள், வேணாம். மனிசன் உசிரோட இரிக்கிறது போதும்," என்றார் ஹாஜியார்.

ஓவசியர் வீட்டு மண்டபத்தில் வைத்து என் கணவர் படம் எடுத்து அனுப்பினார். "ஓய்வுபெற்ற ஓவசியர் அவர்கள் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக உள்ளார். தவறான செய்திக்கு வருந்துகிறோம்" என்று எழுதினேன். இந்த முறை பச்சைக் கரை. போட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில், மேசையின் மேல், ஒரு பெரிய அலுமினியக் கேத்தல் பளபளத்துக்கொண்டிருந்தது. ஓவசியரின் மனைவி வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றக் கொண்டு வந்து வைத்தது என்று என் கணவர் சத்தியம் செய்தார். ஹாஜியாரும் சத்தியம் செய்தார். இன்று வரை அவர்கள் சொல்வதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பெரிய பிரச்சினை கேத்தல் இல்லை. மவுத்துச் செய்தி போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. இரண்டாம் நாளும் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு குடும்பம் வான் பிடித்து வந்து ஓவசியரின் வீட்டு வாசலில் இறங்கி, அவரையே கட்டிப்பிடித்து அழுதது. எனவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அறிவித்தலுக்குக் காசு கட்டி, எல்லாருக்கும் காட்டும்படி தளத்துக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் விளம்பரம் தேர்தல் அல்லது அரசியல் தொடர்பானதாகத் தெரிகிறது. ஆகவே அனுமதிக்க முடியாது."

என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஒரு மனிசன் உசிரோட இரிக்கிறது அரசியலா?" என்றார்.

கேத்தலைக் கத்தரித்துவிட்டு அனுப்பினேன். மறுபடியும் மறுப்பு, ஹாஜியாரின் முகத்தை அது வேட்பாளராகவே நினைவில் வைத்திருந்தது போலும். ஹாஜியாரையும் கத்தரித்தேன். ஓவசியர் மட்டும் மிஞ்சினார், தோளில் யாருடையதோ ஒரு கையோடு. அப்போதும் மறுப்பு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியதால், பக்கத்தை நடத்துபவர் யார் என்று நிரூபிக்கச் சொன்னது. என் அடையாள அட்டையை அனுப்பினேன். என் முகம் பெரிதாக மாறியிருக்கவில்லை; ஏற்றுக்கொண்டது. "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தின் முகப்பில் "பொறுப்பாளர்" என்று என் முழுப் பெயரையும் போட்டுவிட்டது.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். ஊர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் இன்பொக்ஸில் தங்கள் அக்காவைக் கூப்பிடுவது போல "ராத்தா" என்று எழுதத் தொடங்கினார்கள். முன்பு அட்மின் காக்காவிடம் கேட்கக் கூசிய விஷயங்களையெல்லாம் என்னிடம் கேட்டார்கள். என் கணவர்தான் இரண்டு நாள் சந்தையில் தலை குனிந்து இருந்தார். மூன்றாம் நாள், "நான் மேற்பார்வை" என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்.

ஓவசியர் தளத்தின் பரிசீலனைக்காகக் காத்திருக்கவில்லை. காலையும் மாலையும் குடையோடு சந்திவரை நடந்து, கண்டவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டு வந்தார். வாக்களிப்புவரை இருந்த அந்தப் பத்து நாளில் அவருக்குக் கால் வலி குறைந்ததாக அவருடைய மனைவி சொன்னார்.

வாக்களிப்பு நடந்தது. அதிபர் வென்றார். ஹாஜியார் சொற்ப வாக்கில் தோற்றார். அவருக்கு அது பெரிய அடிதான். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. இனி இந்த மனிதர் அனுதாபப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மீனவர் ஒருவர் மவுத்தானார். அறிவித்தலின் கீழே முதலில் வந்தது ஹாஜியார்தான். சின்னமில்லை, படமில்லை, ஒரே ஒரு துஆ. ஜனாஸாவுக்கும் நேரில் போய், ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றாமல் மையவாடிவரை சுமந்தாராம். என் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பழகிவிட்டது போலிருக்கிறது. அதிபரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அவருக்குச் சபையில் வேலை அதிகம்.

அதற்கு அடுத்த கிழமை தளத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி. "உங்கள் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது." தேர்தல் முடிந்துவிட்டதல்லவா. நான் நிறுத்துவதற்குள் ஓவசியர் உயிரோடு இருக்கும் செய்தி, அவரை ஒரு நாளும் கண்டிராத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. ஒலுவிலில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதற்குச் சிரிப்புப் படம் போட்டார்கள். திருக்கோவிலிலிருந்து ஒருவர், "மகிழ்ச்சி, ஆனால் இவர் யார்?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஓவசியர் வீட்டுக்குச் சாகாமத்திலிருந்து ஒரு முதியவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சட்டித் தயிர். அந்தக் காலத்தில் அங்கே குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவர். இருவரும் சந்தித்து முப்பது வருடத்துக்கு மேல். மகளின் ஃபோனில் படத்தைக் கண்டிருக்கிறார்.

"உயிரோட இருக்கீங்க எண்டு போட்டிருந்த. உண்மையா எண்டு பார்க்க வந்தன்," என்றாராம்.

அன்று நான் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். இத்தனை அமளியில் அது என்னிடமே இருந்துவிட்டது. மண்டபத்தில் இரண்டு முதியவர்களும் தயிர்ச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு மதகு, அதன் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டியது, பிழையாகப் பொருத்திப் பூட்டியது யார் என்பதுதான் விஷயம்.

"அது நீங்க சொன்னபடிதான் பூட்டின," என்றார் வந்தவர்.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல," என்றார் ஓவசியர். "இரிங்க, படம் கீறிக் காட்டுறன். மகள், ஒங்கட பேனையைக் கொஞ்சம் தாங்க."

நான் பேனையைக் கொடுத்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பேனை இன்னும் திரும்பி வரவில்லை.